முயல் குட்டியை நடக்க வைத்த மருந்து என் மகனுக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். பனிக்குட நீர் கசிய ஆரம்பித்து இரண்டு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போது எனக்குக் காய்ச்சலும் இருந்தது. பிறகு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 'பிவிஎல்' என்றும், மூளை பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் செரிப்ரல் பால்சி என்றும் சொன்னார்கள். இரண்டு காலும் விறைப்பாக இருக்கிறது. நிற்க வைத்தால் குதிகால் தரையில் படுவதில்லை. ஆனால் தானாக உட்காருகிறான், கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கிறான், பேச்சும் நன்றாக வருகிறது. இதே பாதிப்புள்ள முயல் குட்டிகளுக்கு மூளைச் செல்லுக்குள்ளேயே போகும் மருந்தைக் கொடுத்து அமெரிக்காவில் நடக்க வைத்துவிட்டார்கள் என்று அங்கிருக்கும் என் கொழுந்தன் ஒரு செய்தி அனுப்பினார். அந்த மருந்தின் பெயர் என்ஏசி என்கிறார். அதே பெயரில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை எங்கள் ஊர் மருந்துக்கடையிலேயே இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா? இல்லை, அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டுமா? இன்னொரு இடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான், நான்கு லட்சம் ஆகும் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில் தருபவர்: குழந்தை நரம்பியல் மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். முயல்களுக்குக் கொடுத்த வடிவில் அந்த மருந்து எந்த நாட்டுக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. செரிப்ரல் பால்சிக்கு அதை எந்த நாடும் இன்னும் அங்கீகரிக்கவில்லை. மருந்துக்கடை மாத்திரை வேண்டாம். நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் மகன் நடப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதற்குச் செய்ய வேண்டிய வேலை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கொழுந்தன் அனுப்பிய செய்தி பொய் இல்லை. சுஜாதா கண்ணன், ரங்கராமானுஜம் கண்ணன் என்ற இருவரின் குழு செய்த ஆய்வு அது. டெட்ராய்ட் நகரில் தொடங்கி, பிறகு பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தது. 2012-இல் 'சயின்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்' இதழில் வெளியானது. நல்ல ஆய்வு, எனக்குப் பிடித்த ஆய்வுகளில் ஒன்று. அதில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் "மூளைச் செல்லுக்குள் போகும் மருந்து" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு இன்னும் பல பேர் உங்களிடம் வருவார்கள். எது எதற்குப் பொருந்தும் என்று தெரிந்தால் நீங்களே அவர்களிடம் கேள்வி கேட்கலாம்.

உங்கள் மகனுக்கு என்ன நேர்ந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூளையில் மைக்ரோகிளியா என்று ஒரு வகைச் செல் உண்டு. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்தேகா 1919-இல் இதைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். சாதாரண நாட்களில் இது மூளைக்கு நன்மை செய்கிற செல்தான். கழிவை அகற்றும், வளரும் மூளையில் தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழிக்கும், கிருமி வந்தால் எதிர்க்கும். பனிக்குடத்தில் தொற்று ஏற்படும்போது அதன் விளைவாக வரும் வேதிப்பொருட்கள் குழந்தையின் மூளை வரை எட்டி இந்தச் செல்களை உசுப்பிவிடுகின்றன. உசுப்பப்பட்ட மைக்ரோகிளியா அழற்சிப் பொருட்களைக் கக்குகிறது. அதில் பக்கத்தில் இருக்கும் இளம் செல்கள் சாகின்றன.

எந்த இளம் செல்கள் என்பதுதான் முக்கியம். நரம்பு இழைகளுக்கு மையலின் என்ற உறை போடப்போகும் செல்கள், கர்ப்பத்தின் 24 முதல் 32 வாரம் வரை மிக மென்மையாக இருக்கும். உங்கள் மகன் பிறந்தது அந்த இடைவெளியில். அவை அதிகம் சேதமாவது மூளையின் நடுவே உள்ள நீர் அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதியில். அதைத்தான் பிவிஎல் என்று எழுதியிருக்கிறார்கள். கால்களுக்குப் போகும் இழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன. கைக்கும் முகத்துக்கும் போகும் இழைகள் சற்றுத் தள்ளி. அதனால்தான் கால் விறைப்பாக இருக்கிறது, பேச்சு தப்பித்திருக்கிறது.

அப்படியானால் அழற்சியை அடக்கும் மருந்தை உடனே கொடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் இரண்டு தடைகள் வருகின்றன. முதல் தடை எல்லோருக்கும் தெரிந்தது, மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர். 1885-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் விலங்குகளின் உடலில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடலின் மற்ற உறுப்புகள் நிறம் மாறின, மூளை மட்டும் மாறவில்லை. மற்ற இடங்களில் நுண்ணிய ரத்தக்குழாயின் சுவர் சல்லடை மாதிரி, மூளையில் மட்டும் செல்லுக்குச் செல் இடைவெளியே இல்லாமல் அடைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, எப்படியோ உள்ளே நுழைந்ததையும் திரும்ப வெளியே தள்ளும் பம்புகள் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. வயிற்றுப்போக்குக்குப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் லோபரமைடு உண்மையில் அபின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. ஆனாலும் வழக்கமான அளவில் அது போதை தருவதில்லை, இந்தப் பம்புகள் அதை மூளையில் தங்க விடுவதில்லை. மருந்து மூலக்கூறுகளில் பெரும்பாலானவை இந்தச் சுவரிலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டாவது தடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூளைக்குள் போய்விட்டால் மட்டும் போதாது, எந்தச் செல்லுக்குள் போகிறது என்பதும் கணக்கு. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு அழற்சியை நன்றாக அடக்கும். காசநோய் மூளைக்காய்ச்சலில் அதைக் கொடுத்து உயிர்ச்சேதம் குறைவதை 2004-இல் வியட்நாமில் நடந்த ஆய்வு காட்டியது. நாங்களும் தினமும் பயன்படுத்துகிறோம். சரி, அதே மருந்தைக் குறைமாதக் குழந்தைகளுக்கு, பிறந்த முதல் வாரத்தில், நுரையீரலுக்காகக் கொடுத்தபோது என்ன ஆயிற்று? நுரையீரல் தேறியது. ஆனால் அந்தக் குழந்தைகளில் செரிப்ரல் பால்சி கூடியது. ஸ்டீராய்டு உசுப்பப்பட்ட செல்லை மட்டும் தேடிப் போய் அடக்குவதில்லை, வளர்ந்துகொண்டிருக்கும் எல்லாச் செல்லையும் தொடுகிறது. இப்போது பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் அதை அவ்வளவு சீக்கிரத்தில் கொடுக்கத் தயங்குவதற்கு இதுதான் காரணம். அழற்சி மருந்து என்றாலே மூளைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முயல்களுக்கு வருவோம். கர்ப்பமான முயலின் கருப்பையில், பிரசவத்துக்குச் சில நாட்கள் முன்பு, பாக்டீரியாவின் நச்சுப்பொருளைச் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகளுக்குக் கால் விறைத்திருந்தது, தத்தித் தாவ முடியவில்லை. உங்களுக்கு நேர்ந்ததன் ஆய்வகப் பிரதி என்றே சொல்லலாம். குட்டிகள் பிறந்த அன்றே நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். ஐந்தாவது நாள் பார்த்தபோது மருந்து ஏறிய குட்டிகள் கிட்டத்தட்ட சாதாரணக் குட்டிகளைப் போலத் தாவின.

அதில் மருந்து என்ஏசி என்பது உண்மைதான். என்-அசிட்டைல் சிஸ்டீன். பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் கல்லீரலைக் காப்பாற்ற ஏற்றுகிறோமே, சளியை இளக்கக் கொடுக்கிறோமே, அதேதான். விஷயம் அதைச் சுமந்து போனதில் இருக்கிறது. டெண்ட்ரிமர் என்ற செயற்கை மூலக்கூறு, நடுவிலிருந்து கிளை பிரிந்து, அந்தக் கிளை மறுபடி பிரிந்து, உருண்டையாக வளர்ந்தது. விட்டம் சுமார் 4 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. அதன் கிளை நுனிகளில் என்ஏசியைக் கட்டி அனுப்பினார்கள்.

ஆரோக்கியமான குட்டியின் மூளையில் இந்த உருண்டை தங்கவில்லை. அழற்சி உள்ள மூளையில் சுவர் சற்றுப் பழுதாகியிருந்ததால் உள்ளே போய், பரவி, உசுப்பப்பட்ட மைக்ரோகிளியாவுக்குள்ளும், ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற இன்னொரு வகை மூளைச் செல்களுக்குள்ளும் சேர்ந்தது. அழற்சியில் இருக்கும் மைக்ரோகிளியா கண்டதையெல்லாம் விழுங்கும் நிலையில் இருக்கும், அந்தக் குணமே இங்கே உதவியாகிவிட்டது. மருந்தையும் உருண்டையையும் இணைத்தது ஒரு கந்தகப் பிணைப்பு. ரத்தத்தில் அது அறுபடாது. செல்லுக்குள் குளுட்டதயோன் என்ற பொருள் நிறைய இருக்கும், அதுதான் பிணைப்பை அறுத்து மருந்தை விடுவிக்கிறது. ஆக, மருந்து வேலை செய்ய ஆரம்பிப்பதே சரியான செல்லுக்குள் போன பிறகுதான். இதனால் உருண்டையில் ஏற்றிய என்ஏசி, தனி என்ஏசியில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே அதைவிட நன்றாக வேலை செய்தது. ஒட்டாமல் போன உருண்டைகள் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடுகின்றன.

உங்கள் ஊர் மாத்திரை ஏன் வேண்டாம் என்பது இப்போது புரிந்திருக்கும். வாய்வழி கொடுக்கும் என்ஏசியில் பத்தில் ஒரு பங்குகூட ரத்தத்துக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. வந்ததிலும் மூளைக்குள் போவது சொற்பம். முயலுக்குக் கொடுத்ததும் இதுவும் பெயரில் மட்டும்தான் ஒன்று. குழந்தைக்கு வாந்தியும் வயிற்று உபாதையும் வேண்டுமானால் வரும். மஞ்சள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது சொல்வார்கள் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். பாலில் மஞ்சள் தாராளமாகக் கொடுங்கள், மூளைக்கு என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் குடலைத் தாண்டுவதே பெரும்பாடு.

அடுத்த கேள்வி உங்கள் மனதில் இருக்கும். அந்த உருண்டை மருந்தே கிடைத்தால்? இரண்டு காரணங்களுக்காக நான் தயங்குவேன். ஒன்று, நேரம். முயல் குட்டிகளுக்கு மருந்து ஏறியது பிறந்த அன்று, இளம் செல்கள் செத்துக்கொண்டிருந்த அந்த வேளையில். உங்கள் மகனுக்கு அந்தக் கட்டம் முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. செத்த செல்லை அழற்சி மருந்து திரும்பக் கொண்டுவராது. சில குழந்தைகளின் மூளையில் அழற்சி மெதுவாக நீண்ட காலம் தொடரலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் அந்த வயதில் கொடுத்துப் பலன் கண்ட சிகிச்சை என்று எதுவும் இன்று என் கையில் இல்லை.

இரண்டு, விலங்கிலிருந்து குழந்தைக்கு வரும் பாதை. எரித்ரோபொய்ட்டின் என்ற மருந்து விலங்குகளின் மூளையை அழகாகக் காப்பாற்றியது. குறைமாதக் குழந்தைகளிடம் அமெரிக்காவில் பெரிய ஆய்வாகச் செய்து 2020-இல் முடிவு வந்தபோது பலன் இல்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறிய நிறைமாதக் குழந்தைகளின் உடலைக் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் நிரூபணமான சிகிச்சை. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள், சென்னையும் அதில் உண்டு. 2021-இல் வெளியான அந்த முடிவில் குளிர்வித்த குழந்தைகளில் இறப்பு அதிகமாக இருந்தது. மனிதக் குழந்தையிலேயே ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் இப்படி ஆகிறது என்றால், முயலிடமிருந்து நேரே உங்கள் மகனுக்குத் தாவ நான் எப்படிச் சம்மதிப்பேன்? அந்த டெண்ட்ரிமர் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தீவிர கொரோனா வந்த 24 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வந்தது. அழற்சி அளவுகள் குறைந்தன, பாதுகாப்பாகவும் இருந்தது. நம்பிக்கையான தொடக்கம்தான், ஆனால் பச்சிளம் குழந்தையின் மூளைக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

ஸ்டெம் செல் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. சில ரத்த நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சை போன்றவற்றைத் தவிர, மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஆராய்ச்சியா, சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் நான்கு லட்சம் எதற்கு? சிகிச்சை என்றால் அனுமதி எங்கே? ஊசி போட்ட பிறகு பிள்ளை முன்னேறியதாகச் சொல்லும் பெற்றோரையும் காட்டுவார்கள். இரண்டரை வயதுப் பிள்ளை ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் ஆறு மாதத்தில் முன்னேறத்தான் செய்யும்.

அந்த முன்னேற்றத்தைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும். இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தை பிற்காலத்தில் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் மகன் உட்காருகிறான், பிடித்து எழுகிறான், புரிந்து பேசுகிறான். நான் நேரில் பார்க்காமல் உறுதி கொடுக்க முடியாது, ஆனால் கடிதத்தைப் படித்தபோது என் மனம் லேசானது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் செரிப்ரல் பால்சி உள்ள 657 குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2002-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளில் தங்களால் எட்ட முடிந்ததில் சுமார் தொண்ணூறு சதவீதத்தை இந்தக் குழந்தைகள் ஐந்து வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். அதாவது அடுத்த இரண்டரை வருடம்தான் உங்களுக்கு மிக முக்கியமான காலம். நகையும் அலைச்சலும் இங்கே செலவாகட்டும்.

பிசியோதெரபி என்ற பெயரில் குழந்தையைப் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, காலை இழுத்து இழுத்து விடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பிள்ளை கூரையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும். அதனால் கிடைப்பது குறைவு. அவனே செய்ய வேண்டும், அவனுக்கு வேண்டியதைச் செய்ய வேண்டும். பிடித்த பொம்மையைக் கட்டில் மேல் வைத்து எழுந்து எடுக்கச் சொல்லுங்கள். சோபாவிலிருந்து நாற்காலிக்குப் பக்கவாட்டில் நகரட்டும். சின்ன முக்காலியில் உட்கார்ந்து எழட்டும். தினமும், பல தடவை, விளையாட்டாக. தெரபிஸ்ட் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவராக இருக்க வேண்டும், அவரிடம் வாரம் இரண்டு முறை விட்டுவிட்டு வருவது போதாது.

குதிகால் தரையில் படாததற்குக் கணுக்காலில் போடும் ஏஎஃப்ஓ ஸ்பிளின்ட் தேவைப்படலாம். கெண்டைத் தசை மிகவும் இறுகியிருந்தால் போட்டுலினம் டாக்சின் ஊசி சில மாதங்களுக்கு இளக்கம் தரும். அந்த மாதங்களில் பயிற்சியைக் கூட்டினால்தான் ஊசிக்கு அர்த்தம். இவை நிரூபணமானவை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா? செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகுகிறது. நடக்கும் வாய்ப்புள்ள குழந்தைகளில் இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் வலியே இருக்காது, வெளியே தெரியாது. தெரியும்போது பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும். இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். அடுத்து எப்போது எடுக்க வேண்டும் என்பதை அந்தப் படத்தைப் பார்த்து எலும்பு மருத்துவர் சொல்வார்.

இதற்கெல்லாம் தனியார் கிளினிக்தான் வேண்டும் என்று இல்லை. ஆரம்பநிலை இடையீட்டு மையம், டிஇஐசி என்று சொல்வார்கள், அரசு மருத்துவமனையோடு சேர்ந்து மாவட்ட அளவில் இயங்குகிறது. தெரபி இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் செரிப்ரல் பால்சியும் உண்டு, வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் அடங்கும். இந்தத் தாள் வேலைகளைக் கொழுந்தனிடம் ஒப்படையுங்கள். உதவ வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருக்கிறது, ஆன்லைனில் செய்யக்கூடிய வேலைதான்.

கடைசியாக, அடுத்த குழந்தை. பயம் நியாயமானது, ஆனால் அது மறுபடி இப்படியே நடக்கும் என்று அர்த்தமில்லை. கர்ப்பம் உறுதியான முதல் சந்திப்பிலேயே முந்தைய பிரசவம் முப்பதாவது வாரம், நீர் கசிவு, காய்ச்சல் என்று மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்ப்பார்கள், தேவைப்பட்டால் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து தருவார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தால் உடனே சரிசெய்வார்கள்.

அப்படியும் 32 வாரத்துக்கு முன் பிரசவமாகும் நிலை வந்தால் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் ஏற்றுவது குழந்தைக்குச் செரிப்ரல் பால்சி வரும் வாய்ப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் சிகிச்சை இது. ஜன்னி வராமல் இருக்க இதே மருந்தைத்தான் அரசு மருத்துவமனைகளில் தினமும் ஏற்றுகிறார்கள், விலையும் மிகக் குறைவு. நானோ உருண்டை எதுவும் தேவையில்லாமல், நஞ்சுக்கொடி வழியாகத் தானே குழந்தையைச் சென்று சேர்கிறது. நுரையீரலுக்காகப் பிரசவத்துக்கு முன் உங்களுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியை, மேலே நான் எழுதியதை நினைத்து மறுத்துவிடாதீர்கள். பிறந்த பிறகு குழந்தைக்குக் கொடுப்பது வேறு, பிறக்கும் முன் தாய்க்குக் கொடுப்பது வேறு. இது உயிரைக் காப்பாற்றுவது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் நீங்கள் நேரத்தோடு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நீர் கசிகிறதா, இல்லை வெள்ளைப்படுதலா என்று சந்தேகமாக இருந்தால்கூட விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிட்டுப் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.